கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... இந்தப் பக்கம்... எஞ்சினும் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு கதவும் பூட்டியிருந்தன. காருக்குள் ஆள் இல்லை.

மத்திய வங்கியில் குண்டு வெடித்த அடுத்த வருடம், வெள்ளவத்தை காலி வீதியில், கொட்டுகிற மழையில் ஒரு கார் இப்படித் தன்பாட்டில் உறுமிக்கொண்டு நின்றால் சனம் என்ன நினைக்கும்? அதைத்தான் நினைத்தது. குடைகள் ஒவ்வொன்றாய் எட்டப் போயின. பழம் விற்கிறவன் கூடையை அப்படியே விட்டுவிட்டு ஒழுங்கைக்குள் நழுவினான். யாருடைய கார், யாருடைய கார் என்ற கேள்வி தமிழிலும் சிங்களத்திலும் நடைபாதை நெடுக ஓடியது.

காருக்கு உரியவள் ஐந்தடி தள்ளி நின்றாள்... வாயைத் திறக்காமல்.

ஜெகதீஸ்வரிக்கு வயது இருபத்தாறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்குகிற பிள்ளைகளுக்கு ஒரு டியூட்டரியில் சிங்களம் படிப்பிக்கிற டீச்சர். கெட்டிக்காரி என்று பெயர் வேறு. அவளுடைய அப்பா ஸ்ரீஸ்கந்தராசா ஓய்வுபெற்ற நில அளவையாளர். அந்தப் பழைய டட்சன் காரைப் பற்றி அவர் மகளுக்கு இட்ட கட்டளைகள் இரண்டு. பற்றரி சரியில்லை, வழியில் எஞ்சினை நிறுத்தாதே என்பது ஒன்று. கதவைப் பூட்டாமல் இறங்காதே என்பது மற்றது. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றிய உத்தமமான மகள் இலங்கையிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். உள்ளே பொத்தானை அமத்தி, வெளியே கைபிடியைத் தூக்கிப் பிடித்துக் கதவைச் சாத்தி... டக் என்ற சத்தம் கேட்ட பிறகுதான் சாவி ஞாபகம் வந்தது. கைப்பையும் உள்ளே. அடையாள அட்டையும் உள்ளே.

இரண்டு தாள் போட்டோகொப்பி எடுக்கத்தான் ஷபீகாவின் கடைக்கு இறங்கினாள். ரொறன்ரோவில் இருக்கிற சித்தப்பா அவளைக் கூப்பிட்டிருந்தார். அதற்குப் பொலிஸ் ரிப்போர்ட் வேண்டும். எந்தப் பொலிஸ் புத்தகத்திலும் இவள் பெயர் ஏறவில்லை என்று பொலிசே எழுதிக் கொடுக்க வேண்டும். விண்ணப்பம் நாளைக்குப் போகிறது. இன்றைக்குப் பார்த்து இப்படி!

"டீச்சர்... அது ஒங்கட கார் தானே?" கடை வாசலில் இருந்து ஷபீகா மெதுவாகக் கேட்டாள். ஜெகதீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"வாகனம் உங்களுடையதா?"

பின்னால் இருந்து சிங்களத்தில் ஒரு ஆண் குரல். திரும்பினாள். குடையில்லாமல் தெப்பமாக நனைந்த ஒருவன். முப்பது வயது இருக்கலாம். இமை நுனியில் மழைத்துளி தொங்க, அதைத் துடைக்கவும் தோன்றாமல் சிரித்துக்கொண்டு நின்றான். என்ன கண்கள் அவை... ஊரே பயந்து ஓடுகிற நேரத்தில் இவன் கண்ணுக்கு மட்டும் இது திருவிழா.

"ஆம். உதவி தேவையில்லை," என்றாள் அவளும் சுத்தமான சிங்களத்தில்.

"அப்ப சரி, மிஸ். இன்னும் அஞ்சு நிமிஷத்துல ஆமி வந்து கதவத் தெறந்து குடுப்பான். ஆனா கதவு மட்டும் மிஞ்சாது."

சட்டென்று தமிழ்! அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் தமிழ் எண்டு ஆர் சொன்னது?"

"ஒங்கட கார் சொல்லிச்சு." அவன் காருக்குள் கையைக் காட்டினான். "கண்ணாடியில பொட்டு ஒட்டியிருக்கு."

முன் கண்ணாடிக்கு மேலே, பின்னால் பார்க்கிற கண்ணாடியின் மூலையில், சிவப்பாய் ஒரு ஒட்டுப்பொட்டு. சோதனைச் சாவடி வந்தால் கழற்றி அங்கே ஒட்டுவாள். தாண்டியதும் எடுத்து நெற்றியில் வைப்பாள். இன்றைக்கு எடுத்து வைக்க மறந்துபோனாள். அவளுடைய பயமெல்லாம் அந்தச் சின்ன வட்டத்துக்குள் இருந்து ஊருக்கே தெரிகிற மாதிரிக் கிடந்தது. முகம் சிவந்துவிட்டது.

"வெக்கப்படாதீங்க. எங்கட சேர்ச்சுல பாதிப் பேர் செபமாலைய சப்பாத்துக்குள்ள வச்சிருக்காங்க," என்றான் அவன். "நான் ஹியூபேட். கொட்டாஞ்சேனை. ஹாபர்ல வேலை. ஜப்பான்ல இருந்து கப்பல்ல வாற காருகள ஓட்டி எறக்குறது. சாவிய உள்ளுக்க விட்டுப் பூட்டுற கேஸ் மாசத்துக்கு ரெண்டு வரும்."

"அவ்வளவு மடையர் இருக்கினமோ?"

"ரெண்டுல ஒண்டு நான்தான், மிஸ்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நிலையில் சிரிப்பா... என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஷபீகாவின் கடையில் போட்டோகொப்பித் தாள் வந்த பெட்டியில் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டியை அவன் அறுத்து வாங்கினான். பையில் இருந்து துறைமுக பாஸை எடுத்து, அம்மா பிள்ளையைத் துடைக்கிற மாதிரித் துடைத்து, சேர்ட்டுக்குள் உள்ளே விட்டான்.

"அவ்வளவு பெறுமதியோ?"

"இது இல்லாட்டி கேட்டுக்குள்ள விடமாட்டான். தமிழ் ஆள் ஒரு ராத்திரி பொலிசுல இருந்தான் எண்டு கேள்விப்பட்டா போதும், பாஸ பறிச்சிருவாங்க. அதோட வேலை முடிஞ்சுது." சொல்லிக்கொண்டே ஒரு சின்னப் பொதியை அவள் கையில் திணித்தான். "இத நனையாமப் பிடிங்க. அம்மாட கண்ணாடி. இது இல்லாம மனுசி நாலு நாளா சுவரத் தடவித்தான் நடக்குது. வெள்ளவத்தையிலதான் செய்யக் குடுத்தது."

பட்டியை இரண்டாக மடித்து, கதவின் மேல் மூலை இடுக்கால் உள்ளே தள்ளினான். மடிப்பு ஒரு சுருக்காக விரிந்தது. பொத்தானின் தலையில் விழ வேண்டும்... விழவில்லை. மறுபடியும்... வழுக்கியது. அவளும் அறியாமல் பக்கத்தில் குனிந்து, கண்ணாடிக்குள் பார்த்து, "கொஞ்சம் இடப்பக்கம்... கொஞ்சம்... அய்யோ!" என்றாள். கண்ணாடியில் இரண்டு முகமும் அருகருகே தெரிந்தன. மழை அந்த இரண்டு முகத்திலும் ஒரே கோடாய் வழிந்தது. அவன் பொத்தானைப் பார்க்காமல் ஒரு கணம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். யார் முதலில் பார்வையை எடுத்தது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளுக்குப் பிடிபடவில்லை.

மூன்றாம் தரம் சுருக்கு விழுந்தது. இறுக்கினான். இழுத்தான். டக்! கதவு திறந்தது.

அதே நேரம் பொலிஸ் ஜீப் பிரேக் போட்டது.

இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். ஒருவன் ஹியூபேட்டின் சேர்ட் கொலரைப் பிடித்துக் காரோடு சாய்த்தான். சார்ஜன்ட் அடையாள அட்டையைப் பிடுங்கிப் பெயரைப் படித்தார், பாஸைப் படித்தார், பட்டியைப் பார்த்தார். தமிழன், துறைமுகம், பிறர் கார்... அவருடைய முகம் இறுகியது. பிறகு ஜெகதீஸ்வரியின் வெறும் நெற்றியைப் பார்த்தார். குரல் மரியாதையாக மாறியது.

"மிஸ், மேயாவ தன்னவாத?" இவனைத் தெரியுமா?

டியூட்டரியில் அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் வசனம் ஒன்று இருக்கிறது. பொலிஸ் எதைக் கேட்டாலும் இதைச் சொல்லுங்கோ பிள்ளைகள் என்று நாற்பது பிள்ளைகளையும் கோரசாகச் சொல்லவைப்பாள். அந்த வசனம் இப்போது அவளைக் கேட்காமலே வாயில் வந்தது.

"மம தன்னே நே."

எனக்குத் தெரியாது.

அச்சுப் பிசகாத உச்சரிப்பு. ஹியூபேட் அவளைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பாள். அவனோ ஏதோ ஒன்று விளங்கிவிட்ட மாதிரி மெதுவாகக் கண்ணைத் தாழ்த்தி, "சரிதான் சேர். இந்த மிஸ்ஸுக்கு என்னைத் தெரியாது. நானாகத்தான் வந்து கார்ல கை வச்சன்," என்று சிங்களத்தில் சொன்னான்.

அவளுக்காகப் பொய்! சந்தித்து அரை மணி நேரமாகாத ஒருத்திக்காக...

"இப்படியான ஆட்களிடம் கவனமாக இருங்கள், மிஸ்," என்றார் சார்ஜன்ட். அட்டை கூடக் கேட்கவில்லை. ஜீப் கிளம்பியது. நடைபாதை மறுபடியும் நிறைந்தது. கடை வாசலில் ஷபீகா நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அது கன்னத்தில் விழுந்த அறை.

வீட்டுக்கு வந்து காரை நிறுத்தும்போதுதான் ஜெகதீஸ்வரி கவனித்தாள். மடியில் அந்தப் பொதி. நனையாமல்தான் இருந்தது. மேலே பேனையால் எழுதியிருந்தது: திருமதி அருள்நாயகி, ஜம்பட்டா வீதி, கொட்டாஞ்சேனை.

பொதியோடு மாடிக்கு ஏறினாள்.

அப்பா கதை முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடம் வந்தால் அவர் செய்கிற வேலை அது.

"நீ செய்தது சரி. நீ உண்மையைத்தானே சொன்னனீ? உனக்கு அவனைத் தெரியாதுதானே?"

"தெரியும் அப்பா. பேர் தெரியும். வேலை தெரியும். ஒரு ராத்திரி உள்ளுக்க இருந்தா வேலை போகும் எண்டதும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுதான் சொன்னனான்."

"கொட்டாஞ்சேனை வேதக்காரப் பொடியன் ஒருத்தனுக்காக நீ பொலிசுக்குப் போகப் போறியோ? போனா உன்ர பேரை எழுதுவாங்கள். எழுதினா ரிப்போர்ட் இல்லை. ரிப்போர்ட் இல்லையெண்டா கனடா இல்லை. விளங்குதோ?"

"விளங்குது. அது விளங்கினபடியாத்தானே அந்த நேரம் வாய் பொய் சொன்னது." அவள் பொதியை மேசையில் வைத்தாள். "வெக்கமா இருக்கப்பா... நாற்பது பிள்ளையளுக்கு நான் படிப்பிக்கிறது இதைத்தானோ? அந்த மனுசி கண்ணாடி இல்லாமல் சுவரைத் தடவிக்கொண்டு திரியுதாம். அதைக் கொண்டுவந்து வைச்சுக்கொண்டு நான் தேத்தண்ணி குடிக்கிறதோ?"

அவள் கண்ணாடி முன்னால் நின்று ஒரு பொட்டை எடுத்து நெற்றியில் அழுத்தி ஒட்டினாள். கீழே இறங்கிக் கார்க் கதவைத் திறந்தபோது மேலே பல்கனியில் இருமல் சத்தம் கேட்டது.

"பிள்ளை..."

நிமிர்ந்து பார்த்தாள். தடுக்கப் போகிறார்.

"பற்றரி சரியில்லை. அங்க போய் எஞ்சினை நிப்பாட்டிப்போடாதை," என்றார் அப்பா. சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் அவளை முதலில் அடையாளம் காணவில்லை. பொட்டு ஆளை அவ்வளவுக்கு மாற்றியிருந்தது. அவள் அட்டையை மேசையில் வைத்தாள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று அதில் கொட்டை எழுத்தில் கிடந்தது.

"நான் பொய் சொன்னேன்," என்றாள் சிங்களத்தில். டீச்சருடைய அந்த அழகான உச்சரிப்பு இந்தத் தரம் உடைந்து உடைந்து வந்தது. "சாவியை உள்ளே விட்டுப் பூட்டியது நான். கதவைத் திறந்து தரச் சம்மதித்தது நான். அவர் திருடவுமில்லை, ஒன்றும் வைக்கவுமில்லை. பயத்தில் தெரியாது என்றேன்."

சார்ஜன்ட் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தடித்த புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். பெயர், விலாசம், பிறந்த இடம், அட்டை இலக்கம்... ஒவ்வொரு எழுத்தும் ஏற ஏற ரொறன்ரோ தூரத் தூரப் போனது. கடைசியில் பேனையை அவள் பக்கம் நீட்டினார். கையெழுத்து வைத்தாள். மனசு ஆச்சரியமாக இலேசாகிவிட்டது.

துறைமுகத்துக்கு இன்னும் அறிவிக்கவில்லை, அறிவிக்கப் போவதுமில்லை என்றார் சார்ஜன்ட். மாலை ஐந்தரைக்கு ஹியூபேட் வெளியே வந்தான். சேர்ட்டில் இரண்டு பொத்தான் இல்லை. அவளைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே முற்றத்தில் இறங்கி நடந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது.

"நில்லுங்கோ... ஒருக்கா நில்லுங்கோ!"

நின்றான். திரும்பவில்லை.

"மன்னிப்புக் கேக்க வந்தனான்."

"எதுக்கு மிஸ்? நீங்க பொய் சொல்லல்லியே. அரை மணி நேரப் பழக்கத்துல யார யாருக்குத் தெரியும்?"

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. கோபம் வந்தா பேசிப்போடுங்கோ. இப்பிடி மரியாதையா நீங்கள் கதைக்கிறது எனக்குச் செருப்பாலை அடிச்ச மாதிரிக் கிடக்கு." பொதியை நீட்டினாள். "அம்மான்ர கண்ணாடி. நனையேல்லை."

அவன் திரும்பினான். பொதியைப் பார்த்தான். பிறகு அவளுடைய நெற்றியைப் பார்த்தான். பொலிஸ் நிலையத்து முற்றத்தில், மின்சார வெளிச்சத்தில், ஊரறிய ஒரு சிவப்புப் பொட்டு...

"இதோடயா உள்ளுக்க போனீங்க?"

"ஓம்."

"பேர் எழுதினாங்களா?"

"எழுதினவை. கையெழுத்தும் வைச்சனான்."

"போட்டோகொப்பிக் கடையில அந்த விண்ணப்பப் பாரம் ஒங்கட கையில இருந்திச்சு. நான் பாத்தேன். கனடாவுக்கு..."

"அது இனி இல்லை."

அவன் தலைமுடியைக் கோதிக்கொண்டு எங்கோ பார்த்தான். அப்படிப் பார்த்தவனுடைய முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. உதடு துடித்தது. கடைசியில் அடக்க முடியாமல் சிரித்தேவிட்டான்.

"மிஸ்... ஒங்கட கார்."

ஜெகதீஸ்வரி திரும்பினாள். முற்றத்து மூலையில் டட்சன் நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... ஓடிப்போய்க் கைபிடியை இழுத்தாள். பூட்டு!

அவளுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது. "அப்பா சொன்னவர்... நிப்பாட்டாதை எண்டு..."

"பூட்டச் சொல்லியும் சொன்னாரா?"

"அது... அது பழைய கட்டளை."

ஹியூபேட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பட்டி உள்ளுக்க சார்ஜன்டுட மேசையில இருக்கு. சாட்சிப் பொருள். நான் போய்க் கேட்டா திரும்பவும் உள்ளுக்க வச்சிருவான்."

"நான் போறன்."

போனாள். சொன்னாள். சார்ஜன்ட் கேட்டதும் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். பட்டியைத் தானே எடுத்துக்கொண்டு, தலையில் தொப்பியை வைத்து, இரண்டு கொன்ஸ்டபிள்களோடு முற்றத்துக்கு வேடிக்கை பார்க்க வந்தார். ஹியூபேட் சுருக்கைப் போட்டான். ஒரே தரத்தில் விழுந்தது. டக்!

சார்ஜன்ட் அவளைப் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டு, வேண்டுமென்றே, அதே குரலில் கேட்டார்.

"மிஸ், மேயாவ தன்னவாத?"

ஒரு கணம் அந்தப் பழைய வெட்கம் அவள் உடம்பெல்லாம் ஏறி இறங்கியது. அவள் தலையை நிமிர்த்தினாள்.

"மம தன்னவா."

தெரியும்.

கொட்டாஞ்சேனைக்குத் தானே கொண்டுபோய் விடுவதாக அவள் ஒற்றைக்காலில் நின்றாள். அவன் பக்கத்தில் ஏறினான். கார் காலி முகத்திடலுக்கு வந்தது. கடல் மழையில் சாம்பலாகக் கிடந்தது. வைப்பர்தான் பேசிக்கொண்டு வந்தது.

"தெரியும் எண்டு சொன்னீங்களே..." அவன் தொடங்கினான். "என்னப் பத்தி என்னா தெரியும் ஒங்களுக்கு?"

"பேர் தெரியும். மாசத்துக்கு ஒருக்கா சாவியை உள்ளுக்க விட்டுப் பூட்டுற ஆள் எண்டு தெரியும். தெரியாத ஒருத்திக்காகப் பொலிசுக்குப் பொய் சொல்லுவீங்கள் எண்டு தெரியும்." அவள் பாதையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் ஒண்டும் தெரியும். அதைச் சொல்ல எனக்கு இண்டைக்கு உரித்து இல்லை. காலமை உங்களைக் காட்டிக்குடுத்த வாய் இது."

"காலமை இல்ல. பின்னேரம் மூணு மணி. சரியாச் சொல்லுங்க, டீச்சர்."

"பகிடி விடாதேங்கோ..." அவள் குரல் உடைந்தது. "எனக்கு உங்களில விருப்பம். போதுமோ? சொல்லிப்போட்டன். வெக்கத்தில சாகிறன். இறங்கிப் போறதெண்டா இறங்குங்கோ."

அவன் இறங்கவில்லை. அவன் வாய் திறப்பதற்குள் கோட்டைச் சோதனைச் சாவடி வந்துவிட்டது. முன்னால் நான்கு வாகனங்கள். மணல் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து ஒரு சிப்பாய் டோர்ச் லைட்டோடு நடந்து வந்தான். பழக்கம் யாரை விட்டது? ஜெகதீஸ்வரியின் கை தானாக நெற்றிக்குப் போனது.

போன கையை ஹியூபேட் பிடித்தான். மெதுவாக... கேட்டுக்கொண்டு பிடிக்கிற மாதிரி. பிடித்துக் கீழே இறக்கி, கியரின் மேல் வைத்தான். விடவில்லை.

"எடுக்காதீங்க," என்றான். "எனக்கும் ஒங்கள்ல விருப்பம்... அந்தக் கண்ணாடியில பொட்டப் பாத்த நேரத்துல இருந்து. யாரோ ஒரு பொம்பள இவ்வளவு பயத்தோட திரியுதே எண்டு நெஞ்சுல என்னமோ செஞ்சுது, மிஸ்."

"ஜெகதீஸ்வரி," என்றாள் அவள். இவ்வளவு நேரமும் அவன் தன் பெயரைக் கேட்கவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சிப்பாய் குனிந்து பார்த்தான். பொட்டைப் பார்த்தான். கியரின் மேல் கிடந்த இரண்டு கைகளையும் பார்த்தான். இரண்டு அட்டைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தான். அவள் கையை எடுக்கவில்லை. சிப்பாய் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்து, போகச் சொல்லிக் கையை அசைத்தான்.

கொட்டாஞ்சேனையில் தேவாலய மணி அடித்துக்கொண்டிருந்தது. ஜம்பட்டா வீதியில் ஒரு சின்ன வீட்டு வாசலில், கதவு நிலையைத் தடவியபடி ஒரு அம்மா நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார் நின்றதுகூட அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

ஜெகதீஸ்வரி பொதியைக் கையில் எடுத்தாள். அவன் எஞ்சினை நிறுத்தி, சாவியை உருவி, அவளுக்குக் காட்டிவிட்டுத் தன் பையில் போட்டான்.

"பற்றரி..." என்றாள் அவள் பதறி.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம். இந்த வீதியில அஞ்சு பேர் ஓடி வருவாங்க." அவன் அவள் பக்கம் திரும்பினான். "அம்மாட்ட முதல்ல என்னா சொல்லப் போறீங்க?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை.

"இண்டைக்கு உங்கட மகனைத் தெரியாதெண்டு சொன்னவள் நான்தான் எண்டு," என்றாள். "அதைச் சொல்லிப்போட்டுத்தான் கண்ணாடியைக் குடுப்பன். பிறகு அவ என்னை நல்லாப் பாக்கட்டும்."